தைப்பதற்கு ஒரு பிற்பகல்: மகளிர் கூட்டமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் ஊராட்சி அளவிலான மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்புகளின் பொறுப்பாளர்கள் மற்றும் மாவட்ட மகளிர் திட்ட அலுவலர்கள்.

பொருள்: உதிர்ந்த இலை, காய், நார் முதலியவற்றைப் பழந்துணியில் வைத்துத் தைக்கும் கூடுகைக்கு மாதம் ஒரு பிற்பகல் ஒதுக்கவும், அதை வருவாய்க் கணக்கில் சேர்க்காதிருக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நான், குத்தாலம் வட்டத்தில் காவிரியின் தென்கரைக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். என் வீட்டுத் திண்ணையில் சில ஆண்டுகளாக வியாழக்கிழமைப் பிற்பகல்களில் பெண்கள் சிலர் கூடி, வாய்க்கால் கரையிலும் தோப்பிலும் கோயில் பிராகாரத்திலும் உதிர்ந்து கிடப்பவற்றைப் பொறுக்கி வந்து பழைய வேட்டியிலும் சேலையிலும் வைத்துத் தைக்கிறோம். வருபவர்களில் பெரும்பாலோர் கணவனையோ பிள்ளையையோ இழந்தவர்கள். மற்றவர்கள், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்பவர்கள். திண்ணை சிறியது, என் வயதும் ஏறிக்கொண்டு போகிறது. இப்படி ஒரு பிற்பகலை ஊராட்சிதோறும் நடத்துவதற்கு இடமும் ஆளும் உங்கள் கூட்டமைப்புகளிடம் இருப்பதால் இந்த வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன். கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: அந்தப் பிற்பகலில் தைக்கப்படும் எதற்கும் யாரும் விலை கேட்கக் கூடாது.

நிபந்தனை விநோதமாகத் தோன்றும் என்பதை அறிவேன். 1983-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டதும், 1989-இல் தருமபுரியில் முதல் சுய உதவிக் குழுக்கள் அமைக்கப்பட்டதும் பெண்ணின் கையில் அவளுடைய பணம் புரள வேண்டும் என்பதற்காகத்தான். அதன் பயனைக் கண்ணால் கண்டவள் நான். என்னிடம் ஆறாம் வகுப்பில் எம்மிங் போடக் கற்ற பெண்கள் பிற்காலத்தில் குழுக்கடன் வாங்கித் தையல் இயந்திரம் போட்டு, வட்டிக்காரர் வாசலுக்கு வராதபடி குடும்பத்தை நடத்தியிருக்கிறார்கள். ஆகவே வருமானத்தை இளக்காரமாக நினைத்து இதை எழுதவில்லை. வருமானம் கொடுக்க முடியாத ஒன்று இந்தத் தையலில் இருக்கிறது. விலை கேட்ட மாத்திரத்தில் அது ஓடிவிடுகிறது என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

முதலில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் "கைவினைப் பொருள்" என்று சொன்னதும் பலருக்கும் பாசிமணியும் ஜிகினாவும் ஒட்டிய சுவர் அலங்காரமே நினைவுக்கு வருகிறது. எங்கள் வேலை பெரும்பாலும் காத்திருப்பதுதான். ஓர் அரசிலையை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றிப் பழுத்து உதிர்ந்த இலையாகப் பார்த்துப் பொறுக்கி, மண்தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, மூன்று நான்கு வாரம் அதைத் தொடாமல் விட வேண்டும். தண்ணீர் கறுத்து நாறும். வீட்டில் உள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள். பிறகு இலையை ஒரு தட்டில் பரப்பி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷின் நுனியால் காம்பிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல மெல்ல வருடினால், சதை எல்லாம் கூழாகக் கழன்று நரம்புப் பின்னல் மட்டும் நிற்கும். கொஞ்சம் அழுத்தினால் கிழியும். அதைப் பழைய நோட்டுப் புத்தகத் தாள்களுக்கிடையில் உலர்த்தி எடுத்துத் துணிமேல் வைத்தால், ஊசியை நரம்புக்குள் செலுத்தக் கூடாது. நரம்பு கிளைக்கும் இடத்தில் இந்தப் பக்கம் ஏறி, நூலைக் குறுக்கே போட்டு, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஓர் இலையை இப்படித் துணியில் அமர்த்துவதற்கு ஒரு பிற்பகல் முழுவதும் போய்விடும். அவசரக்காரருக்கு இது ஒத்துவராது. ஆனால் துக்கத்தில் இருப்பவருக்கு அவசரம் என்ன இருக்கிறது?

இலையின் சாயலைத் துணியில் பதிப்பது இன்னொரு வேலை. பலமுறை வெளுத்துக் கஞ்சி போன பருத்தி வேட்டிதான் இதற்கு உகந்தது. சலவைச் சோடாவில் கொதிக்க வைத்து அலசி, கடுக்காய் ஊறிய நீரிலும் படிகார நீரிலும் நனைத்து உலர்த்திய துணிமேல் தேக்கந்தளிரையும் துலுக்கச் சாமந்தி இதழையும் பரப்பி, ஒரு கழியில் இறுகச் சுருட்டிக் கயிற்றால் கட்டி, சமையலுக்கு இனி எடுக்கப்போவதில்லை என்று ஒதுக்கிவிட்ட இட்லிப் பானையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆவியில் வைக்கிறோம். மறுநாள்தான் பிரிப்போம். தளிர் செம்பழுப்பாகவும் இதழ் மஞ்சளாகவும் பதிந்திருக்கும். சில நாள் ஒன்றும் பதியாமல் வெறும் கறை மட்டும் இருக்கும், அதையும் வைத்துக்கொள்வோம். துருப்பிடித்த அரிவாளைக் கருப்பட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுத்த நீரைக் கடுக்காய்த் துணியில் தொட்டுவிட்டால், தொட்ட இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும்.

இந்தக் கறுப்பு நாங்கள் கண்டுபிடித்தது அன்று. கடுக்காயும் இரும்புத் துருவும் வெல்லமும் சேர்ந்த இதே முறையில்தான், கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் துணியில் கையால் ஓவியம் தீட்டும் கலம்காரிக் குடும்பங்கள் கோயில்களுக்கான தொம்பைகளையும் (உருளை வடிவத் தொங்கல்கள்) விதானங்களையும் தலைமுறைகளாகத் தீட்டி வருகின்றன. கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2021-இல். குளத்தில் தானாக முளைக்கும் நெட்டித் தண்டைச் சீவிக் கோயிலும் குதிரையுமாகச் செய்யும் தஞ்சை நெட்டி வேலையையும் நீங்கள் அறிவீர்கள். அவை பயின்று தேர்ந்த கைகளின் தொழில். அவற்றோடு எங்கள் தையலை ஒப்பிட மாட்டேன். ஆனால் காவிரிப் படுகையில் பிறந்த பெண்ணுக்கு இலையும் நாரும் துணியும் அன்னியமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். வாழைநாரை நனைத்துக் கிழித்துப் பூத்தொடுக்கத் தெரியாத கை இங்கே அபூர்வம். ஆடிப்பெருக்கன்று ஆற்றுக்குக் காதோலையும் கருகமணியும் எடுத்துப் போகாத வீடும் குறைவு. தையலே அறியாதவர் என்று என்னிடம் வருபவர்கூட, முதல் நாளே நாரை முறுக்கி முடிச்சிடும்போது அந்த விரல்களுக்குள் ஏற்கெனவே இருக்கும் பழக்கம் தெரிந்துவிடுகிறது.

எங்களில் ஒருவரைப் பற்றி, அவருடைய சம்மதத்தோடு, சற்று விரிவாகச் சொல்கிறேன். வேதாரண்யம் பக்கத்தைச் சேர்ந்த அவருக்கு ஒரு சிறு தென்னந்தோப்பு இருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது அந்தப் பகுதியில் சாய்ந்த எண்ணற்ற தென்னைகளோடு அவர்களுடையவையும் சாய்ந்தன. சில ஆண்டுகளில் கணவரும் போய்ச் சேர, அவர் எங்கள் ஊரில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். முதலில் சில வாரங்கள் திண்ணையின் ஓரத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். நான் ஊசியை நீட்டவில்லை. பிறகு ஒரு நாள் ஊருக்குப் போய் வந்தவர், எஞ்சிய மரங்களின் அடியில் உதிர்ந்து கிடந்த பன்னாடைகளை ஒரு பையில் கொண்டு வந்தார். தென்னை மட்டையின் அடியைச் சுற்றியிருக்கும் பன்னாடை, தறியில் போடாமலே பாவும் ஊடுமாக அமைந்த ஒரு துணி. பழுப்பு நிறம், முரட்டு நார், ஓரமெல்லாம் பிசிறு. அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பலகையால் அழுத்தித் தட்டையாக்கி, கணவரின் நான்கு முழ வேட்டியின்மேல் வைத்து, நார்களுக்கு இடையிலுள்ள கண்களில் மட்டும் ஊசி போய்வரும்படி வெள்ளை நூலால் ஓட்டுத் தையல் போடத் தொடங்கினார். ஒரு பன்னாடைக்கு அருகில் இன்னொன்று. எத்தனை மரம் நின்றது, எது எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கின்படிதான் வைத்தார் என்பதை வெகுநாள் கழித்து அவராகவே சொன்னார். அந்த வேட்டி இன்னும் முடியவில்லை. முடிக்கச் சொல்லி யாரும் கேட்பதுமில்லை.

இதில் ஆறுதல் எங்கிருந்து வருகிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை; கண்டதைச் சொல்கிறேன். தைக்கும்போது கண் மடியில் இருக்கிறது. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால், நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால் வராத பேச்சு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கையில் தானாக வருகிறது. பேசாமலும் இருக்கலாம், கை வேலையாக இருப்பவரை "ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய்" என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊர்ப் பெண்களுக்கு அழுவதற்குக்கூட ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறபோது, இது சிறிய சலுகையில்லை. உதிர்ந்த பொருளுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காசு கொடுத்து வாங்கியதில்லை, ஆதலால் கெட்டுப்போனால் மனம் பதறுவதில்லை. அது கிடைக்க வேண்டுமானால் வீட்டைவிட்டு வெளியே, வாய்க்கால் வரையிலாவது நடக்க வேண்டும். கணவன் இறந்து மாதக்கணக்கில் வாசல்படி தாண்டாத ஒருவர், இலவங்காய் வெடித்திருக்கிறதா என்று பார்க்கத் தோப்புக்குப் போய் வந்ததை அவருடைய மருமகளே என்னிடம் வியந்து சொன்னார்.

நம் பகுதியில் சாவுக்கு வேண்டிய முறைகள் குறைவில்லாமல் இருக்கின்றன. பறையும் ஒப்பாரியும் உண்டு; பங்காளிகளும் சம்பந்திகளும் கூடுவதுண்டு; பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆள் உண்டு. பதினேழாம் நாள் பந்தல்காரர் கழிகளைப் பிடுங்கிக்கொண்டு போனபின் என்ன நடக்கிறது என்பதை உங்கள் குழு உறுப்பினர்களைவிட நன்றாக அறிந்தவர் எவர்? குழுவில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு தவணை தள்ளிப்போடுகிறீர்கள், விதவை உதவித்தொகைக்கு மனு எழுதித் தருகிறீர்கள். இவை பெரிய உதவிகள். 2004 டிசம்பர் 26 சுனாமியில், மயிலாடுதுறையும் சேர்ந்திருந்த அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் படகும் வலையும் வீடும் வந்தன, வர வேண்டியவையே. ஆனால் பணத்தாலும் மனுவாலும் தொட முடியாத ஒரு நீண்ட காலம் அதற்குப் பின்னால் கிடக்கிறது. முன்பெல்லாம் நடவிலும் களையெடுப்பிலும் பத்துப் பேரோடு குனிந்து பாடிக்கொண்டே அந்தக் காலத்தைக் கடந்தவர்கள் உண்டு. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் கூலியோடு அந்தக் கூட்டமும் சுருங்கிவிட்டது.

இனி, விலை கேட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சிக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள் எங்கள் திண்ணையைப் பார்த்து நெகிழ்ந்துபோய், "டீச்சர், இதை நாங்கள் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம், ஒரே அளவில் ஐம்பது செய்து கொடுங்கள்" என்றார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சிதான், எனக்கும்தான். வேலை தொடங்கியது. அரசிலை ஐம்பதும் ஒரே அளவில் கிடைக்காது என்பதால் கத்திரியால் ஓரம் நறுக்கப்பட்டது. காத்திருக்க நேரமில்லை என்பதால் கடையில் சாயமேற்றி விற்கும் இலை வாங்கப்பட்டது. நேர்த்தியாகத் தைப்பவர், தைக்காதவர் என்று இரண்டு வரிசை உண்டாயிற்று. ஒருவர் தைத்ததை இன்னொருவர் பிரித்துத் தைத்தார். பன்னாடைக்காரம்மா தம் வேட்டியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர், அந்த ஆர்டர் முடிந்து பல வாரம் வரை திரும்பி வரவில்லை. பணம் வந்தது, பங்கிட்டுக்கொண்டோம், சந்தேகமில்லை. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் திண்ணையில் ஒருவரும் தம் இறந்தவரைப் பற்றிப் பேசவில்லை என்பதைப் பின்னர் எண்ணிப் பார்த்தபோதுதான் உணர்ந்தோம்.

இதற்கு நீங்கள் ஒரு மறுப்புச் சொல்லலாம். சிலி நாட்டில் 1973-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் தேவாலயத்தின் ஆதரவில் கூடிச் சாக்குத் துணிமேல் பழந்துணித் துண்டுகளை வைத்துத் தங்கள் துயரைப் படமாகத் தைத்தார்கள். அவை வெளிநாடுகளில் விற்கப்பட்டன, அந்தக் காசில் அடுப்பும் எரிந்தது. உண்மைதான். அங்கே விற்பனையும் அவர்கள் சொல்ல விரும்பிய செய்தியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகும் வழியாக இருந்தது. அப்படி ஒரு பெண் தாமாகவே முன்வந்து "என் துணி நாலு பேர் கண்ணில் படட்டும்" என்றால் தடுப்பதற்கு நான் யார்? குழுக்களின் பொருள்களை விற்கும் மதி அங்காடியும் பூமாலை வளாகமும் அதற்கென்றே இருக்கின்றன. இலைப்பதிப்புத் துப்பட்டாவோ பையோ தைத்து விற்க விரும்புவோருக்கு வேறொரு நாளில் பயிற்சி வையுங்கள், நானும் வந்து கற்றுத் தருகிறேன். இரண்டையும் ஒரே பாயில் உட்கார வைக்காதீர்கள் என்பது மட்டுமே என் கோரிக்கை.

செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கூட்டமைப்புக் கட்டடத்தையோ, அது இல்லாத ஊரில் சமுதாயக் கூடத்தையோ மாதம் ஒரு பிற்பகல், இரண்டிலிருந்து ஐந்து மணி வரை, திறந்து வைத்தால் போதும். ஊசி, நூல், கத்திரி, படிகாரம், கடுக்காய் ஆகியவற்றைக் கூட்டமைப்பின் பொதுச் செலவில் வாங்கலாம். தையற்கடையில் மிஞ்சும் நூல்கண்டுகளைக் கேட்டாலே பாதி கிடைத்துவிடும். வருகைப் பதிவேடு வேண்டாம். அன்று சந்தா, கடன், தவணைப் பேச்சு எதுவும் எடுக்க வேண்டாம். தவணை பாக்கி உள்ளவர் அதற்கு அஞ்சியே வராமல் போவார், அவர்தான் முதலில் வர வேண்டியவர். போட்டி வைத்துப் பரிசளிக்க வேண்டாம். புகைப்படம் எடுத்து அலுவலகக் குழுவில் பகிர்வதையும் அருள்கூர்ந்து தவிருங்கள். இது உங்களுக்குச் சிரமம் என்று அறிவேன், ஏனெனில் படம் இல்லாத நிகழ்ச்சி நடக்காத நிகழ்ச்சி என்றே இப்போது கொள்ளப்படுகிறது. நோயாளியைத் தனியே விட்டு வர முடியாதவர்களுக்காக, அந்த மூன்று மணி நேரம் அவர் வீட்டில் இருக்கக் குழுவிலிருந்து ஒருவரை அனுப்ப முடியுமானால், அதுவே இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய செலவாகவும் மிகப் பெரிய உதவியாகவும் இருக்கும்.

இது சிகிச்சை இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தூக்கமும் உணவும் அற்றுப்போனவர், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சைப் பேசுபவர் எவராயினும், அவரை ஊசியோடு உட்கார வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது. 104 அல்லது 14416 என்ற அரசு உதவி எண்ணை அழைத்துப் பேச உதவுவதும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் துணைக்குப் போவதும் அந்தப் பிற்பகலை நடத்துபவரின் பொறுப்பு. அதை அவருக்கு முதலிலேயே சொல்லித் தர வேண்டும்.

பொறுக்குவதிலும் சில எச்சரிக்கைகள் உண்டு. உதிர்ந்ததை மட்டும் எடுப்பது எங்கள் வழக்கம். தேக்கந்தளிர் ஒன்றே விலக்கு. குன்றிமணியின் கறுப்புக் கண்ணும் சிவப்பு உடலும் எவரையும் மயக்கும், ஆனால் அதன் பருப்பு கொடிய நஞ்சு. துளையிட்டுக் கோக்கக் கூடாது, குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைக்கவே கூடாது. பூம்புகார், தரங்கம்பாடிக் கடற்கரைகளில் ஒதுங்கும் சாதாரணக் கிளிஞ்சல் போதும். சில சங்கு, சிப்பி இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், இனம் தெரியாத பெரிய சங்குகளைத் தொடாமல் விடுவது நல்லது. கோடிக்கரைச் சரணாலயத்துக்குள் கிடக்கும் எதையும் எடுக்க வேண்டாம். சேர்த்த பொருள்களை வெயிலில் நன்றாகக் காயவைத்து வேப்பிலைச் சருகோடு தகர டப்பாவில் வைத்தால் பூச்சி அரிப்பதில்லை.

சம்பா அறுவடை முடிந்து தை கழிந்தபின், மாசியிலும் பங்குனியிலும் வயல்வேலை ஓய்ந்திருக்கும்; மரங்கள் இலை உதிர்க்கும் காலமும் அதையொட்டியே வருகிறது. தொடங்குவதற்கு அதுவே ஏற்ற பருவம். குத்தாலம், மயிலாடுதுறை, திருவிடைமருதூர் வட்டங்களில் எந்தக் கூட்டமைப்பு அழைத்தாலும் முதல் மூன்று பிற்பகல்களுக்கு நானே வருகிறேன். பேருந்துக் கட்டணம்கூட வேண்டாம். தொலைவிலுள்ள கூட்டமைப்புகள் தங்கள் உறுப்பினர் இருவரை ஒரு வியாழக்கிழமை எங்கள் திண்ணைக்கு அனுப்பினால், பார்த்துவிட்டுப் போய் அவர்களே தொடங்கிவிடலாம். வருகிறவர்கள் தைத்துக் காட்ட வேண்டியதில்லை. வீட்டில் தூக்கிப்போட மனமில்லாமல் மடித்து வைத்திருக்கும் பழைய பருத்தித் துணி ஒன்றை மட்டும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். மற்றவற்றைப் போகிற வழியில் பொறுக்கிக்கொள்வோம்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவர்,
குத்தாலம் வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.